பதினைந்து வயது ஆல்டோ: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

ஒரு காருக்குப் 15 ஆண்டுப் பதிவு முடியப்போகிறது என்றால் அந்த வீட்டில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். செலவு செய்து எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவதா? வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வேறொரு பழைய கார் வாங்குவதா? கடன் போட்டாவது புதிதாக ஒன்று எடுப்பதா? "பழைய வண்டிக்குச் செலவு பண்ணாதே, அது தின்னுக்கிட்டே இருக்கும்" என்பார் ஒருவர். "இந்த இன்ஜின் மாதிரி இனிமே வராது, விக்காதே" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

என் தங்கை வீட்டில் இருப்பது 2011-இல் பதிவான ஆல்டோ எல்.எக்ஸ்.ஐ. 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கி.மீ. ஓடியிருக்கிறது. தங்கை செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் பக்கம் பள்ளிக்குப் போய்வர அதைத்தான் எடுக்கிறாள். போக வர 28 கி.மீ. வெளியூர் என்றால் ரயிலோ பஸ்ஸோதான். அந்தக் காரை வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். அதே வயது வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

கணக்குக்கு முன்னால் இரண்டு சோதனை

வயதும் கிலோமீட்டரும் மட்டும் எதையும் முடிவு செய்துவிடாது. பாடியும் இன்ஜினும் எப்படி இருக்கின்றன என்பதுதான் முதல் கேள்வி. அதிலும் பாடிதான் முதலில். இன்ஜினை இறக்கிச் சரிசெய்து ஏற்றலாம். அடித்தளம் துருப்பிடித்த காரை நம் பட்ஜெட்டில் யாராலும் மீட்க முடியாது.

துருவை வெளியே நின்று பார்த்தால் தெரியாது. முன் சீட்டுக்குக் கீழே மிதியடியையும் அதற்கடியில் இருக்கும் கார்ப்பெட்டையும் தூக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு கணீரென்று கேட்கும். துருத் தின்ற இடம் அமுங்கலாக 'சொத்' என்று கேட்கும். அங்கே முனையை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கும். கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறுகிற விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் மேலே வந்து மாட்டியிருக்கும் மேடு, பின்பக்க சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடம், இவ்வளவையும் பார்க்க வேண்டும். கடைசி இரண்டில் ஓட்டை விழுந்திருந்தால் பேச்சு முடிந்தது. மேலே பட்டி வைத்து மூடியிருக்கிறார்களா என்று அறிய, ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் போதும். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அது பிடிக்காது.

கல்பாக்கம், மாமல்லபுரம், சென்னையின் கடலோரப் பகுதிகளில் வருடக்கணக்காக வெளியில் நின்ற கார் என்றால் இந்தச் சோதனையை இரண்டு மடங்கு கவனத்தோடு செய்யுங்கள். உப்புக் காற்று வேலையை அடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. தங்கையின் கார் ஷெட்டில் நின்ற கார். ஓட்டுநர் பக்க விளிம்பில் ஓர் உள்ளங்கை அளவுக்குத் துரு, டிக்கிக் குழியில் மேலோட்டமான துரு, அவ்வளவுதான். டிங்கர் தகடு வைத்து வெல்டிங் செய்தால் சரியாகிவிடும்.

இன்ஜினுக்கு, காலையில் முதல் ஸ்டார்ட்டில் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். நீலப்புகை கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் காய்ந்திருக்கிறது. சில ஆயிரத்தில் முடியும் வேலை. வண்டி சூடான பிறகும் நீலப்புகை தொடர்ந்து, மாதத்துக்கு ஒருமுறை ஆயில் ஊற்ற வேண்டியிருந்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கும். வெள்ளைப்புகையோடு கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடிக்கு அடியில் பால்காப்பி நிறத்தில் கசடு படிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

இதோடு ஒரு கம்ப்ரஷன் டெஸ்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு மீட்டரை மாட்டி ஒவ்வொரு சிலிண்டராக அளப்பார்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் நிம்மதி. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்தச் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும். அளவு ஏறினால் ரிங்கில் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வில் கசிவு. சில நூறு ரூபாய் வேலை. பல ஆயிரம் ரூபாய் முடிவு இதன் மேல்தான் நிற்கிறது. தங்கையின் காரில் மூன்றும் சமமாக இருந்தன.

பாடி நன்றாக இருந்து இன்ஜின் மட்டும் களைத்திருந்தால் கூட இந்தச் சின்ன இன்ஜின்களைப் பிரித்து வேலை பார்ப்பது 25,000-லிருந்து 35,000 ரூபாய்க்குள் முடியக்கூடியதுதான். யோசித்து முடிவெடுக்கலாம். பாடி போயிருந்தால் வேறு யோசனையே வேண்டாம். அந்த காரை எஃப்.சி.க்குக் கொண்டுபோகவே கூடாது. அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்து அதற்கான சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. தெருவில் எடைக்குப் போட்டுவிட்டால் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும்.

மூன்று வழி, ஐந்து வருடக் கணக்கு

இரண்டு சோதனையிலும் தேறிய கார் என்றால், மூன்று வழிகளையும் ஐந்து வருடத்துக்கு நீட்டிப் பார்க்க வேண்டும். "இப்போ எவ்வளவு ஆகும்" என்று மட்டும் பார்ப்பதால்தான் பலரும் தவறான இடத்துக்குப் போகிறார்கள். ரிப்பேர் பில்லை கார் விற்கும் விலையோடு ஒப்பிட்டு, "எழுபதாயிரம் பெறாத வண்டிக்கு எழுபதாயிரம் செலவா" என்று கேட்பது அடிக்கடி காதில் விழும். ஆனால் அந்த எழுபதாயிரம் நமக்கு ஐந்து வருடம் ஓடித் தருகிறது. அதே ஐந்து வருடத்தை வேறு வழியில் வாங்க எவ்வளவு ஆகும் என்பதுதான் எதிரே வைக்க வேண்டிய தொகை. கீழே வரும் தொகைகள் எங்கள் பகுதியில் விசாரித்ததை ஒட்டிய தோராயம். உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறி இறங்கலாம்.

வைத்துக்கொள்வது: டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் சேர்த்து 5,000. கிளட்ச் செட் 7,000. முன்பக்க சஸ்பென்ஷன் 10,000. பிரேக் 4,000. ரேடியேட்டர், ஹோஸ், கூலன்ட் 5,000. நான்கு டயர் 12,000. ஆல்டோவின் 12 அங்குல டயருக்கு இந்த விலையில் கிடைப்பது பெரிய சௌகரியம். பேட்டரி 4,000. டிங்கரிங், பெயிண்டிங் 15,000. எஃப்.சி. செலவுகள் 8,000. ஆக 70,000. அப்புறம் வருடத்துக்கு 14,000 பராமரிப்பு என்று ஐந்து வருடத்துக்கு இன்னொரு 70,000. 1000 சிசிக்கு உட்பட்ட காருக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் பிரீமியம் வருடத்துக்கு 2,094 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி.; ஐந்து வருடத்துக்கு சுமார் 12,000. முடிவில் ஒரு 25,000-க்காவது போகும். நிகரச் செலவு 1.27 லட்சம். மாதத்துக்கு 2,100 ரூபாய்.

வேறு பழைய கார்: இன்றைய நிலையில் இந்த ஆல்டோவை 70,000-க்குக் கொடுத்துவிட்டு, ஏழு வயதுள்ள சின்ன காரை 3 லட்சத்துக்கு வாங்குவதாக வைப்போம். வாங்கியவுடன் டயர், பேட்டரி, சர்வீஸ் என்று 30,000 போகும். இதைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் அதிகம். ஐந்து வருடப் பராமரிப்பு 60,000, முழு இன்சூரன்ஸ் 30,000. கடைசியில் 1.2 லட்சத்துக்கு விற்கலாம். நிகரம் 2.3 லட்சம். மாதம் 3,800.

புதிய கார்: 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்த பிறகு ஆல்டோ கே10 மாதிரியான கார்கள் மறுபடி எட்டும் தூரத்துக்கு வந்திருக்கின்றன. நடுத்தர மாடலுக்கு வரி, இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்த்து 5 லட்சம் வைத்துக்கொள்ளலாம். பராமரிப்பு 35,000, பிந்தைய வருட இன்சூரன்ஸ் 40,000. பழையதை விற்ற 70,000-ஐயும் ஐந்து வருடம் கழித்து இதை விற்றால் வரும் இரண்டரை லட்சத்தையும் கழித்தால் 2.55 லட்சம். மைலேஜ் கூடுதல் என்பதால் தங்கையின் ஓட்டத்துக்கு மாதம் 800 ரூபாய் பெட்ரோல் மிச்சம்; ஐந்து வருடத்தில் 48,000. அதையும் கழித்தால் 2.07 லட்சம்.

இந்த இடத்தில் நானே ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி கூட்டிப் பார்த்தேன். ரொக்கமாகக் கொடுத்து வாங்கி, பெட்ரோல் மிச்சத்தையும் கழித்தால் புதிய கார், மூன்று லட்சம் ரூபாய்ப் பழைய காரைவிடக் குறைந்த செலவில் முடிகிறது! ஆனால் கையில் நான்கு லட்சம் சும்மா வைத்திருப்பவர் அபூர்வம். வைத்திருந்தாலும் அது வங்கியில் தரும் வட்டியை விட்டுக்கொடுக்கிறோம். கடன் என்றால், 4 லட்சத்துக்கு 9.5 சதவீதத்தில் ஐந்து வருடம் கட்ட மாதத் தவணை 8,400. வட்டி மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். அப்போது நிகரம் 3.1 லட்சம், மாதம் 5,200.

ஆக, பணத்தை மட்டும் பார்த்தால் வைத்துக்கொள்வதுதான் மலிவு, அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை. பராமரிப்புக்கு நான் போட்டதைப் போல ஒன்றரை மடங்கு ஆனாலும் மலிவுதான்.

பணத்தில் வராத ஒன்று

பழைய ஆல்டோவில் ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லை, தங்கையின் காரில் ஏர்பேக்கும் இல்லை. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற சின்ன கார்களை மோதிப் பார்த்தபோது ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800-க்கு வயது வந்தோர் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம் கிடைத்தது. அதற்கும் முந்தைய மாடலிடம் நாம் கூடுதலாக எதிர்பார்க்க முடியாது. இதை மறைத்துவிட்டு "வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எனவே எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எந்த வேகத்தில் ஓடுகிற கார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள்ளேயும் பக்கத்து ஊருக்கும் நாற்பது ஐம்பது வேகத்தில் பகலில் போய்வரும் கார் என்றால் வைத்துக்கொள்ளலாம். வாராவாரம் குடும்பத்தோடு திண்டிவனம், விழுப்புரம் என்று நெடுஞ்சாலையில் இறங்குகிறவர், இரவில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறவர், மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் பிடிப்பதற்காக இந்த காரை வைத்திருக்க வேண்டாம். மாற்றிவிடுங்கள்.

பழையதாகவே வாங்கினாலும், 2019 ஜூலைக்குப் பின் தயாரான காராகப் பாருங்கள். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது, ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது. 2015, 2016 மாடலைக் கொஞ்சம் விலை குறைகிறதே என்று வாங்கினால், கையில் இருக்கும் பழசைக் கொடுத்துவிட்டு இன்னொரு பழசை வாங்கியதுதான் மிச்சம். பாதுகாப்பில் பெரும்பாலும் எதுவும் மாறியிருக்காது. சென்னைப் பதிவு என்றால் வெள்ளத்தில் நின்ற காரா என்றும் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியும். கார்ப்பெட்டை மாற்றிவிடுகிறவர்கள்கூட பெல்ட்டை மாற்றுவதில்லை.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், யாரிடம் வேலை?

கம்பெனி சர்வீஸா, தெரிந்த மெக்கானிக்கா என்பது அடுத்த ஒப்பீடு. வாரண்டியில் இருக்கும் காருக்கு கம்பெனி சர்வீஸ்தான் சரி. 15 வயதுக் காருக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கே பொருளைத் திறந்து சரிசெய்யும் வழக்கம் குறைவு. அப்படியே கழற்றிப் புதிதாக மாட்டுவதுதான் முறை. செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை என்றால் முழு மோட்டாரையும் எழுதுவார்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனால் பிரித்து கார்பன் பிரஷும் புஷ்ஷும் மாற்றித் தருவார். சில நூறு ரூபாயில் இன்னும் மூன்று நான்கு வருடம் ஓடும்.

தங்கை கார் ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது 'கட கட' என்று சத்தம் வந்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் ஸ்டியரிங் அசெம்பிளியே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். எங்கள் மெக்கானிக் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார், ஆட்டம் தெரிந்தது. "யாராவது பிரேக்கை மிதிங்க" என்றார். பிரேக்கை மிதித்தபடி மறுபடி ஆட்டினால் அதே ஆட்டம். "பேரிங்னா பிரேக் புடிச்சதும் ஆட்டம் நின்னுடும் சார். இது கீழ பால் ஜாயின்ட்." பிறகு இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார், டை ராடு எண்டிலும் லேசான ஆட்டம். இரண்டு பக்க லோயர் ஆர்ம், இரண்டு டை ராடு எண்ட் மாற்றியதோடு சத்தம் நின்றது. ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. அப்புறம் வீல் அலைன்மென்ட் பார்க்க வெளியே கொண்டுபோனோம். சஸ்பென்ஷனில் கை வைத்தால் இதைத் தவிர்க்கக் கூடாது, புது டயர் ஆறு மாதத்தில் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.

இப்படிக் காரணம் தேடிச் சொல்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். அவரிடமும் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்பேர் தனி, லேபர் தனி. ஸ்பேரை நாமே பில்லோடு வாங்கிக் கொடுப்பது, மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குவது. நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். லேபரில் பேரம் பேசிக் குறைக்காமல் இருப்பதும் நம் பக்க மரியாதை.

கம்பெனி சர்வீஸுக்குப் போக வேண்டிய இடமும் உண்டு. சாவியை உணராமல் இம்மொபிலைசர் ஸ்டார்ட் ஆகவிடாத பிரச்சினை, ஸ்கேனர் போட்டும் புரியாத சென்சார் கோளாறு, இவற்றுக்குத் தயங்காமல் அங்கேயே போகலாம்.

எந்த ஸ்பேர்?

கம்பெனி பெட்டியில் வரும் ஜெனுயின், அந்தக் கம்பெனிக்கே பொருள் செய்துகொடுக்கும் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் வருவது, பெயர் தெரியாத லோக்கல், கழற்றி விற்கும் பழையது என்று நான்கு வகை. ஒரே வகையையே எல்லாவற்றுக்கும் வாங்குவது பண விரயம், சில இடங்களில் ஆபத்து.

இரண்டாவது வகையை நம்மூர்க்காரர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஏனென்றால் அதில் பாதி நம்மூரில்தான் உருவாகிறது. செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக் பாகங்கள் செய்யும் பிரேக்ஸ் இந்தியா இரண்டுமே சென்னை பாடியில் இருப்பவை. டை ராடு எண்டுக்கு ரானே. சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் 1990-களிலேயே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்ப ஆரம்பித்த கம்பெனி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும். தரத்தில் குறையில்லை, ஜெனுயின் பெட்டியைவிட விலை பல பொருள்களில் குறைவு.

டைமிங் பெல்ட், டென்ஷனர், ஹெட் கேஸ்கெட், சென்சார் இவற்றுக்கு நான் ஜெனுயின்தான் வாங்குவேன். பிரேக் பேட், ஷூ, கிளட்ச், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், ஃபில்டர் எல்லாம் தெரிந்த தயாரிப்பாளரின் பெட்டி போதும். லோக்கல் பொருளை மட்ஃப்ளாப், மிதியடி, வைப்பர் பிளேடு தாண்டி அனுமதிக்காதீர்கள்.

பழைய பொருளுக்குச் சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம். கதவு, கண்ணாடி, டெயில் லேம்ப், பம்பர், சீட், கண்ணாடி ஏற்றி இறக்கும் மெஷின், ஸ்டீல் வீல் இவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம். மழையும் வெயிலும் பட்டு மங்கிய நம் காருக்கு அதே வயதுக் கதவு நிறத்திலும் ஒத்துப்போகும். ரப்பர் உள்ள எதையும், நிறுத்துவதோடும் திருப்புவதோடும் சம்பந்தப்பட்ட எதையும் வாங்கக் கூடாது. டயரும் இதில் சேர்த்திதான். இன்ஜினையே மாற்றுவதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: இன்ஜின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. பேப்பர் இல்லாத இன்ஜினை மாட்டிவிட்டு எஃப்.சி.க்குப் போக முடியாது.

பணம் ஒரே தடவையில் இல்லையென்றால்

பலருக்கும் 70,000 ஒன்றாகப் புரளாது. அப்படியானால் வரிசை முக்கியம். முதலில் பிரேக், டயர், ஸ்டியரிங் பாகங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதைப் பத்து வருடமாகத் தொடாத கார்களை நிறையப் பார்க்கலாம். சில நூறு ரூபாய் வேலைதான். டயரில் பூ, அதாவது மேலே உள்ள வரிப்பள்ளம், எவ்வளவு இருக்கிறது என்பதோடு வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பூ இருந்தாலும் மாற்றுங்கள்.

அடுத்தது இன்ஜினைக் காப்பாற்றும் வேலைகள். இதில் டைமிங் பெல்ட்டும் கூலிங்கும் மட்டுமே போதும் என்று சொல்வேன். 796 சிசி ஆல்டோ, பழைய வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10-இன் 1.1 இன்ஜின் எல்லாம் பெல்ட். 2010-லிருந்து வந்த ஆல்டோ கே10, புதிய வேகன் ஆர், ஐ10-இன் 1.2 கப்பா எல்லாம் செயின். அவர்களுக்கு இந்தச் செலவு இல்லை. பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது, ரப்பருக்கு வயதும் உண்டு. எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். 5,000 ரூபாய் வேலை 30,000 ஆகும்.

கூலிங்கில் நம் ஊரில் செய்யும் ஒரே தீங்கு, குறையும்போதெல்லாம் போர் தண்ணீர் ஊற்றுவது. அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்து அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். எங்கள் மெக்கானிக் தங்கை காரின் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைக் கழற்றியபோது உள்ளே கெட்டில் அடியில் இருப்பது போல வெள்ளைப் படிவு ஒட்டியிருந்தது. உப்பை எடுத்துவிட்டு, ஹோஸ்களையும் ரேடியேட்டர் மூடியையும் புதிதாக்கி, கூலன்ட்டை டிஸ்டில்டு தண்ணீரோடு கலந்து நிரப்பினோம். ஹீட் முள் இப்போது பாதிக்குக் கீழேயே நிற்கிறது.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் என்பதால் எரிபொருள் ரப்பர் ஹோஸ்களையும் இதோடு மாற்றிவிடுவது நல்லது. பழைய கார்களின் ரப்பர் அந்த அளவு எத்தனாலுக்குச் செய்யப்பட்டதல்ல. மைலேஜும் குறையும். பழைய கார்களில் 6, 7 சதவீதம்வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் எத்தனால் அறிக்கையே சொன்னது. தங்கைக்கு அது மாதம் 250 ரூபாய்.

ஏ.சி., பெயிண்ட், சீட் கவர் எல்லாம் கடைசி. பெயிண்டுக்கு முன்னால் வெல்டிங்கைச் செய்துவிடுங்கள் என்பது மட்டும்தான் அதில் நிபந்தனை.

ஆர்.டி.ஓ. வேலை

தமிழ்நாட்டில் 15 வயது பெட்ரோல் காருக்குத் தடை இல்லை. எஃப்.சி. சோதனையில் தேறினால் ஐந்து வருடத்துக்குப் பதிவு நீட்டிப்பார்கள். படிவம் 25, பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், அதோடு பசுமை வரி. கட்டணங்களை அடிக்கடி திருத்துகிறார்கள், மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி தாண்டினால் மாதக் கணக்கில் கூடுதல் கட்டணம் ஏறும். பதிவு முடிந்த காரை ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆர்.சி.யில் பழைய கடனின் ஹெச்.பி. (அடமான) பதிவு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கடனை எப்போதோ கட்டி முடித்திருப்போம், பதிவை நீக்கியிருக்க மாட்டோம். வங்கியிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி நீக்க நாள் பிடிக்கும். வண்டியைக் காட்டப் போகும் நாளில் விளக்குகள், ஹார்ன், வைப்பர், கைபிரேக், புகைச் சான்று எல்லாம் சரியாக இருக்கட்டும். சேசிஸ் எண் இருக்கும் இடத்தில் அழுக்கையும் துருவையும் துடைத்து எண் தெளிவாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை வீட்டில் வைத்துக்கொள்வது என்றே முடிவு செய்தார்கள். தங்கையின் ஓட்டம் பகலில், பக்கத்து ஊருக்குத்தான் என்பது அதில் பெரிய காரணம். மாப்பிள்ளை ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார், எனக்கும் அது சரியாகப்பட்டது: இந்த 70,000-க்குப் பிறகு, ஒரே வேலைக்கு 25,000-க்கு மேல் கேட்கிற எதுவும் வந்தால், அது இன்ஜினோ கியர்பாக்ஸோ, அதற்குச் செலவு செய்யாமல் அன்றைக்கே விற்றுவிட வேண்டும். சஸ்பென்ஷன் மேட்டில் துரு தெரிந்தால் தொகை பார்க்காமலே நிறுத்திவிட வேண்டும். இதற்காக வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்த தை மாதத்தில், கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்ப்பதாகவும், மாதம் 3,000 ரூபாயைக் காருக்கென்று தனிக் கணக்கில் போடுவதாகவும் வைத்திருக்கிறார்கள். பராமரிப்புக்கு எடுத்தது போக மீதமிருப்பது அடுத்த காருக்கு முன்பணம்.